பெரியபுராணத்தில் மறுத்துப் பேசிய மனைவியர்: மூன்று சொற்கள் வழியே ஒரு பார்வை

பெரியபுராணத்தில் வரும் பெண்களைப் பற்றிக் கேள்வி வந்தால் நம் மாணவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் விடை எழுதுகிறார்கள். ‘கற்பில் சிறந்தவர், கணவன் சொல் தட்டாதவர், அடியாரைப் பேணியவர், இறையருள் பெற்றவர்’ என்று நான்கு வரி. பெயரை மட்டும் மாற்றிவிட்டால் போதும், எந்தப் பெண்ணுக்கும் அந்த விடை பொருந்திவிடும்! திருநீலகண்டரின் மனைவிக்கும் அதே வரிகள், காரைக்கால் அம்மையாருக்கும் அதே வரிகள், பரவையாருக்கும் அதே வரிகள். எல்லாருக்கும் பொருந்துகிற விடை யாரைப் பற்றியும் எதுவும் சொல்லவில்லை என்றுதான் பொருள்.

அந்த விடை ஓரளவு தவறாகவும் இருக்கிறது. இந்த மூன்று பெண்களில் ஒருவர் தன்னைத் தொடக்கூடாது என்று கணவனுக்கு ஆணையிடுகிறார். ஒருவர் கணவனுக்காகச் சுமந்த உடம்பையே வேண்டாம் என்று களைந்துவிடுகிறார். மற்றொருவர் கணவனுக்குக் கதவைத் திறக்க மறுத்து, இறைவனையே இரண்டு முறை தெருவில் நடக்க வைக்கிறார். இவர்களைச் ‘சொல் தட்டாதவர்’ என்று எழுதினால் சேக்கிழார் எழுதியதை நாம் படிக்கவில்லை என்றாகிவிடும். இடைக்காலத் தமிழ்ச் சமூகத்தில் கணவனின் அதிகாரத்தை ஒரு மனைவி எப்படி எதிர்கொண்டாள், எதைத் துணையாக வைத்துக்கொண்டாள், அவளால் எதுவரை போக முடிந்தது என்ற கேள்விகளோடு இந்தப் பகுதிகளை மீண்டும் படித்துப் பார்ப்போம்.

நூலும் காலமும்

பெரியபுராணம் 12-ஆம் நூற்றாண்டு நூல். அநபாயன் எனப்பட்ட இரண்டாம் குலோத்துங்க சோழனின் அமைச்சராக இருந்த சேக்கிழார் இதைப் பாடினார். சைவத் திருமுறைகளில் இது 12-ஆவது. நாயன்மார்களின் பக்தியைச் சொல்வதுதான் நூலின் நோக்கம். குடும்ப வாழ்க்கையை ஆராய்வது அதன் வேலை அல்ல. ஆனால் நாயன்மார்களில் பெரும்பாலோர் இல்லறத்தார். குயவர், வணிகர், வேளாளர், அரசர் என்று பல குலத்தவர். அவர்களுடைய பக்தியைச் சொல்லப் போனால் அவர்கள் வீட்டுக்குள் போகாமல் முடியாது. அதனால்தான் சமையலறையும் வாசற்கதவும் கணவன் மனைவிக்கு இடையிலான பேச்சும் இந்தப் பக்தி நூலில் இவ்வளவு இடம் பிடித்திருக்கின்றன.

முதற்சொல்: ‘எம்மை’

தில்லையில் ஒரு குயவர். அடியார்களுக்குத் திருவோடு செய்து கொடுப்பவர். இறைவனின் திருநீலகண்டத்தின்மேல் அளவற்ற ஈடுபாடு கொண்டவர். இளமையில் ஒருநாள் பரத்தை வீட்டுக்குப் போய் வருகிறார். மனைவிக்கு அது தெரிகிறது. அவர் வீட்டு வேலைகள் எதையும் நிறுத்தவில்லை. சமைக்கிறார், பரிமாறுகிறார், அடியார் பணியும் நடக்கிறது. கணவனோடு கூடி வாழ்வதற்கு மட்டும் இசையவில்லை. கணவர் இரந்து பேசி, தொட வருகிறார். அப்போது அந்தப் பெண் திருநீலகண்டத்தின் மேல் ஆணையிட்டு, ‘எம்மை’த் தீண்டக்கூடாது என்கிறார்.

இந்த ‘எம்மை’ என்ற சொல்லில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். தமிழில் தன்மைப் பன்மை இரண்டு வகை. கேட்பவரையும் சேர்த்துச் சொல்வது நாம், நம்மை. கேட்பவரை விலக்கிச் சொல்வது யாம், எம்மை. மனைவி ‘எம்மை’ என்றதும் கணவன் அந்தச் சொல்லுக்கு வெளியே நிறுத்தப்படுகிறான். ‘நாம் இருவர்’ என்ற உறவு இலக்கணத்திலேயே முறிந்துவிடுகிறது. வகுப்பில் இலக்கணம் நடத்தும்போது இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது கடினம்.

கணவர் என்ன செய்கிறார்? ‘எம்மை’ என்று பன்மையில் சொன்னதால் இந்த ஆணை இவள் ஒருத்தியைக் குறிப்பதல்ல, பெண்கள் எல்லாரையும் குறிப்பது என்று கொள்கிறார். இனி எந்தப் பெண்ணையும் மனத்தாலும் தீண்டேன் என்று முடிவெடுக்கிறார். உரையாளர்களும் சொற்பொழிவாளர்களும் இந்த இடத்தில் அவருடைய உறுதியைப் பாராட்டுவார்கள். பாராட்டத் தக்கதுதான். ஆனால் திறனாய்வாளர் வேறொன்றையும் கவனிக்க வேண்டும். தன்மைப் பன்மையை ஒருவர் தன்னை மட்டும் குறிக்கவும் பயன்படுத்துவதுண்டு. அந்தப் பெண் தன்னை மட்டும் நினைத்துச் சொன்னாரா, எல்லாப் பெண்களையும் நினைத்துச் சொன்னாரா என்பதை அவர் வாயால் நாம் கேட்கவே இல்லை. பொருள் சொன்னவர் கணவர். ஒரு பெண்ணின் மறுப்பு அடுத்த நொடியே ஓர் ஆணின் விரதமாக மாறிவிடுகிறது. அதற்குப் பிறகு கதை அவருடைய விரதத்தின் கதை.

அப்படியும் அந்த மறுப்பு தோற்கவில்லை. சங்க இலக்கிய மருதத் திணையை நினைத்துப் பாருங்கள். தலைவன் பரத்தையிடம் போவான், தலைவி ஊடுவாள், பாணனோ தோழியோ வாயிலாக வந்து பேசுவார்கள், பெரும்பாலும் தலைவி இறங்கி வருவாள். ஊடல் உணவில் உப்பைப் போல அளவோடு இருக்க வேண்டும் என்பது வள்ளுவர் கருத்து. சேக்கிழார் இந்த மரபை எடுத்துக்கொண்டு அதன் முடிவை மாற்றிவிட்டார். இந்த ஊடல் இளமை முழுவதும் நீடிக்கிறது. இருவரும் ஒரே வீட்டில், அயலார் அறியாமல், முதுமை வரும்வரை தொடாமலே வாழ்கிறார்கள்.

பிறகு இறைவன் சிவயோகியாக வந்து ஓர் ஓட்டை அடைக்கலம் கொடுத்துவிட்டு, அதை மறையச் செய்து, திரும்பக் கேட்கிறார். ‘திருடவில்லை என்றால் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு குளத்தில் மூழ்கிச் சத்தியம் செய்’ என்கிறார். வழக்கு தில்லைவாழ் அந்தணர் சபைக்குப் போகிறது. சபையும் அப்படியே தீர்ப்புச் சொல்கிறது. கணவனும் மனைவியும் ஒரு மூங்கில் கோலின் இரு முனைகளைப் பிடித்துக்கொண்டு திருப்புலீச்சரத்துக் குளத்தில் இறங்க வருகிறார்கள். கையைத்தான் பிடிக்க வேண்டும் என்று யோகி விடாப்பிடியாக நிற்கிறார். வேறு வழியின்றி அந்த முதியவர் ஊர் அறிய, பழைய கதை முழுவதையும் சொல்கிறார். இருவரும் மூழ்கி இளமையோடு எழுகிறார்கள்.

மூங்கில் கோலை ‘பக்தியின் அடையாளம்’ என்று மட்டும் எழுதிவிட்டு மாணவர்கள் கடந்துவிடுகிறார்கள். அந்தக் கோலின் நீளம் ஒரு பெண் விதித்த எல்லை. ஊர்ச் சபையின் தீர்ப்பு வந்த பிறகும் கணவன் அந்த எல்லையைத் தாண்டவில்லை. இன்னொன்று, கணவன் செய்த தவறு வீட்டுக்குள் புதைந்து போகாமல், அவன் வாயாலேயே சபை முன் வெளிப்படுகிறது. பரத்தை வீட்டுக்குப் போவதை ஆணுக்குரிய சாதாரண வழக்கமாகக் கண்ட சமூகத்தில் இது சின்ன விஷயமா?

இரண்டாம் சொல்: ‘இவன்’

காரைக்காலில் வணிகர் தலைவர் தனதத்தனின் மகள் புனிதவதி. நாகப்பட்டினத்து நிதிபதியின் மகன் பரமதத்தன் கணவன். மாங்கனிக் கதை எல்லாருக்கும் தெரியும். கணவன் அனுப்பிய இரண்டு கனிகளில் ஒன்றைப் பசித்து வந்த அடியாருக்குக் கொடுத்துவிடுகிறார். கணவன் ஒன்றைச் சாப்பிட்டு இன்னொன்றைக் கேட்க, இறைவனை வேண்டி ஒரு கனி பெறுகிறார். அதன் சுவை வேறாக இருந்ததால் ‘இது எங்கே கிடைத்தது?’ என்று கணவன் கேட்கிறான். உண்மையைச் சொன்னதும் நம்பாமல், ‘அப்படியானால் இன்னொன்று வரவழைத்துக் காட்டு’ என்கிறான். கனி வருகிறது. அவன் கையில் வாங்கியதும் மறைந்து போகிறது.

இதுவரை புனிதவதி எதிலும் கணவனை மறுக்கவில்லை. கேட்டதைக் கொடுக்கிறார், கேட்டதற்கு உண்மை சொல்கிறார், சோதனைக்கும் உட்படுகிறார். ஆனாலும் கணவனின் அதிகாரம் அந்த இடத்தில் உடைந்து விழுகிறது. கணக்குக் கேட்கும் உரிமை உள்ளவன் கணவன். வீட்டுப் பொருளுக்கு மனைவி பதில் சொல்ல வேண்டியவள். அந்த ஏற்பாட்டுக்குள் அடங்காத ஒன்றைப் பரமதத்தன் தன் கையிலேயே பார்த்துவிட்டான். அவனுக்கு மனைவியாக அவளைப் பார்க்கத் தெரியவில்லை. பயந்து கப்பலேறிப் போய், பாண்டிய நாட்டுக் கடற்கரை ஊர் ஒன்றில் வேறு திருமணம் செய்துகொள்கிறான். பிறந்த மகளுக்குப் புனிதவதி என்றே பெயர் வைக்கிறான்.

செய்தி தெரிந்ததும் உறவினர் என்ன செய்கிறார்கள் என்பதைப் பாருங்கள். விட்டுப் போனவனை அழைத்துவரவில்லை. அம்மையாரைச் சிவிகையில் ஏற்றி அவன் இருக்கும் ஊருக்குக் கொண்டுபோகிறார்கள். மனைவியின் இடம் கணவன் இருக்குமிடம் என்பதில் அவர்களுக்குச் சந்தேகமே இல்லை. அவனோ இரண்டாம் மனைவியோடும் மகளோடும் வந்து அம்மையாரின் காலில் விழுகிறான். அவர் அஞ்சி ஒதுங்குகிறார். ‘இவர் மானுடப் பெண் அல்லர், தெய்வம்; நீங்களும் வணங்குங்கள்’ என்கிறான் கணவன்.

காலில் விழுவது மரியாதைதான். ஆனால் அதோடு அவன் கணவன் என்ற பொறுப்பிலிருந்து விலகிக்கொள்வதும் நடந்துவிடுகிறது. தெய்வமாக்கி விட்டால் அவளோடு வாழ வேண்டியதில்லை, விட்டு வந்ததற்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. பெண்ணைத் தெய்வம் என்று சொல்லி ஒதுக்கி வைப்பது இன்றைக்கும் நாம் பார்க்கிற ஒன்றுதானே?

அம்மையார் அவனோடு வாதாடவில்லை. இறைவனை நோக்கிப் பேசுகிறார். அந்த வேண்டுதலில் கணவனைக் குறிக்க அவர் பயன்படுத்தும் சொல் ‘இவன்’. இவன் கொண்ட கொள்கை இது. ஆகவே இவனுக்காகத் தாங்கிய அழகு பொருந்திய இந்தத் தசைச் சுமையை நீக்கிப் பேய் வடிவம் தர வேண்டும் என்பது வேண்டுதலின் கருத்து. ‘அவர்’ என்ற மரியாதைப் பன்மை இல்லை, கணவன் என்ற உறவுச்சொல்லும் இல்லை. அந்த உறவு முடிந்துவிட்டது என்பதை ஒரு சுட்டுப்பெயரே சொல்லிவிடுகிறது. மனைவியின் அழகும் உடம்பும் கணவனுக்காக என்ற எண்ணத்தையும் அவர் இங்கே திருப்பிப் பயன்படுத்துகிறார். அவனுக்காக இருந்தது என்றால், அவன் இல்லாதபோது அது எதற்கு?

இங்கே ஒரு வரலாற்றுக் குறிப்பையும் சேர்த்துக்கொள்ளலாம். அம்மையார் சேக்கிழாருக்குப் பல நூற்றாண்டுகள் முந்தியவர். அற்புதத் திருவந்தாதி, திருவிரட்டை மணிமாலை, திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகங்கள் ஆகியவை அவர் பாடியவை. 11-ஆம் திருமுறையில் உள்ளன. அவற்றில் மாங்கனியும் இல்லை, பரமதத்தனும் இல்லை. தன்னைக் காரைக்கால் பேய் என்றே சொல்லிக்கொள்கிறார். நம் பகுதிக்கு அருகே, கம்போடியாவில் 967-இல் எழுந்த பந்தியாய் ஸ்ரீ கோயிலில், ஆடும் சிவனருகே இருக்கும் மெலிந்த பெண்ணுருவை ஆய்வாளர்கள் அம்மையார் என்று அடையாளம் காண்கிறார்கள். பெரியபுராணம் எழுதப்படுவதற்கு 150 ஆண்டுகளுக்கு மேல் முந்திய சிற்பம் அது. அங்கும் அவர் யாருடைய மனைவியாகவும் இல்லை. கணவன் கதையை நமக்கு விரிவாகச் சொன்னவர் சேக்கிழார். அம்மையாரின் குரலும் அவரைப் பற்றிய கதையும் வேறு வேறு என்பதை மாணவர்கள் தெரிந்துகொள்வது அவசியம்.

பரவையாரின் கதவு

ஏயர்கோன் கலிக்காமர் புராணத்தில் வரும் நிகழ்ச்சி இது. சுந்தரர் திருவாரூரில் பரவையாரை மணந்தவர். பிறகு திருவொற்றியூரில் சங்கிலியாரை மணக்கிறார்; பிரியேன் என்று சபதம் செய்து, அதை மீறிப் புறப்பட்டதால் பார்வை இழக்கிறார். பார்வை பெற்றுத் திருவாரூர் திரும்பும்போது பரவையாருக்குச் செய்தி முன்பே எட்டிவிட்டது. கதவு திறக்கவில்லை. சமாதானம் பேச வந்தவர்களிடம், மேலும் பேசினால் உயிரை விடுவேன் என்கிறார்.

சுந்தரர் இறைவனையே தூது அனுப்புகிறார். இறைவன் நள்ளிரவில் அர்ச்சகர் வடிவில் போய்ப் பேசுகிறார். பரவையார் மறுத்துவிடுகிறார். இறைவன் வெறுங்கையோடு திரும்புகிறார். இரண்டாம் முறை தன் சொந்த உருவத்தோடு போன பிறகுதான் பரவையார் இசைகிறார். மருதத் திணையின் ‘வாயில் மறுத்தல்’ இங்கே உச்சத்துக்குப் போய்விட்டது. இங்கே வாயிலாக வந்தவர் சிவபெருமான்!

இதைக் கேள்விப்பட்ட கலிக்காமருக்குக் கோபம் வருகிறது. ஒரு பெண்ணின் வீட்டுக்கு இறைவனைத் தூது போக வைப்பதா என்று சுந்தரர்மேல் கொதிக்கிறார். அந்தக் கோபத்தைச் சேக்கிழார் மறைக்கவில்லை. ஆனால் இறைவனோ போய்வந்துவிட்டார். பரவையாரின் வருத்தம் இறைவன் இரண்டு முறை நடந்துபோகத் தகுதியானது என்று கதை காட்டுகிறது. கடைசியில் அவர் இறங்கி வந்தது உண்மை. அதுவும் கணவன் சொல்லுக்காக அல்ல, இறைவனே நேரில் வந்ததற்காக. அவர் உருத்திர கணிகையர் குலத்தில் பிறந்தவர் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். குடும்பப் பெண்ணுக்கு இல்லாத ஒரு சுதந்திரம் அவர் பேச்சில் தெரிகிறது என்று வாதிட இடமுண்டு.

மூன்றாம் சொல்: ‘உரிமை’

இவ்வளவையும் படித்துவிட்டுப் ‘பெரியபுராணம் பெண்ணுரிமை நூல்’ என்று எழுதிவிடாதீர்கள். மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும்.

இயற்பகை நாயனாரிடம் இறைவன் அந்தணராக வந்து அவர் மனைவியையே கேட்கிறார். அவர் கொடுத்துவிடுகிறார். அந்தப் பெண் முதலில் கலங்குகிறார், பிறகு தெளிந்து ஒன்று சொல்கிறார்: நீங்கள் சொன்னதைச் செய்வதைத் தவிர எனக்கு வேறு ‘உரிமை’ உண்டா என்பது அதன் கருத்து. உரிமை என்ற சொல் மனைவியின் வாயிலிருந்து வருகிறது, ஆனால் கேள்வியாக வருகிறது. பக்தி நோக்கில் இது முழுமையான ஒப்படைப்பு. சட்டம், குடும்பம் என்ற நோக்கில் பார்த்தால், அந்தக் காலத்து மனைவியின் நிலை பற்றிய தெளிவான வாக்குமூலம் இது. கலங்கினார் என்று சேக்கிழார் சொன்ன அந்தச் சிறு குறிப்பை விட்டுவிடாமல் படிக்க வேண்டும்.

கலிக்கம்ப நாயனாரின் மனைவி, முன்பு தங்கள் வீட்டில் ஏவல் செய்தவர் அடியாராக வந்ததைக் கண்டு நீர் வார்க்கத் தயங்குகிறார். கணவர் அவர் கையை வெட்டுகிறார். கழற்சிங்கரின் அரசி திருவாரூர்க் கோயிலில் கீழே கிடந்த பூவை எடுத்து மோந்ததற்காகச் செருத்துணையார் மூக்கை அரிகிறார். பூவை எடுத்த கையைக் கணவனே வெட்டுகிறார். தயங்கினாலே தண்டனை!

அப்படியென்றால் குயவரின் மனைவி எப்படி வென்றார்? இங்கேதான் நம் கேள்விக்கு விடை கிடைக்கிறது. அவர் ‘என் உடம்பு என்னுடையது’ என்று வாதாடியிருந்தால் அந்தச் சமூகம் கேட்டிருக்காது. கணவன் எதற்குக் கட்டுப்படுவானோ, அந்தத் திருநீலகண்டத்தின் மேல் ஆணையிட்டார். அவனுடைய பக்தியையே அவனுக்கு வேலியாகப் போட்டார். அம்மையாரும் கணவனைவிடப் பெரியவரிடம் முறையிட்டார். பரவையார் இசைந்ததும் அந்தப் பெரியவருக்குத்தான். கணவனின் அதிகாரத்துக்கு மேலே இன்னோர் அதிகாரம் இருக்கிறது என்ற பக்தியின் நம்பிக்கை, மனைவிக்கு ஒரு சிறு வழியைத் திறந்துவிட்டது. கலிக்கம்பரின் மனைவியும் கழற்சிங்கரின் அரசியும் அந்த மேல் அதிகாரத்துக்கு எதிர்ப்பக்கத்தில் நின்றுவிட்டதாகக் கருதப்பட்டார்கள். அதனால் அவர்களுக்கு அந்த வழி அடைபட்டது. ஒரே நம்பிக்கைதான் ஒரு பெண்ணுக்குக் காவலாகவும் இன்னொரு பெண்ணுக்குக் கத்தியாகவும் வருகிறது.

வெற்றிக்குக் கொடுத்த விலையையும் சொல்ல வேண்டும். குயவரின் மனைவி இளமையைக் கொடுத்தார். இறைவன் அதைத் திருப்பித் தந்தார். அம்மையார் உடம்பையே கொடுத்தார். இயற்பகையார், கலிக்கம்பர், திருநீலகண்டர் ஆகியோரின் மனைவியருக்கு நூலில் பெயர்கூட இல்லை. திருநீலகண்டருக்கும் இயற்பெயர் தெரியாது, அவர் எப்போதும் போற்றிய நாமமே அவருக்குப் பெயராகிவிட்டது. அந்த நாமத்தைச் சொல்லித்தான் மனைவி அவரைத் தடுத்தார். ஆனால் பெயர் அவருக்குப் போனது, இவருக்குக் கிடைக்கவில்லை.

விடை எழுதும் மாணவர்களுக்கு

1. ‘கற்பு’ என்ற சொல்லை எழுதியதும் நிறுத்திவிடாதீர்கள். கணவனைத் தொடவிடாத அந்தக் குயவர் மனைவியையும் சேக்கிழார் கற்புடையவர் என்றுதான் போற்றுகிறார். அப்படியானால் அவர் கண்ட கற்பு வெறும் கீழ்ப்படிதல் அல்ல. இந்த ஒரு கருத்தை விளக்கினாலே விடையின் தரம் உயரும்.

2. கதையைச் சுருக்கி எழுதுவது திறனாய்வு ஆகாது. ஒரு சொல், ஒரு செயல், ஒரு பொருள் என எதையாவது பிடித்துக்கொண்டு பேசுங்கள். ‘எம்மை’, ‘இவன்’, மூங்கில் கோல், மூடிய கதவு எல்லாமே நல்ல சான்றுகள்.

3. இரு பக்கமும் எழுதுங்கள். மறுத்த பெண்ணைச் சொன்னால் தண்டிக்கப்பட்ட பெண்ணையும் சொல்லுங்கள். முடிவை அதன் பிறகு எழுதுங்கள்.

4. ஒப்பீடு கேட்டால் கண்ணகியை எடுத்துக்கொள்ளலாம். மாதவியிடமிருந்து திரும்பிய கோவலனைக் கண்ணகி கடிந்து பேசவில்லை, சிலம்பைக் கொடுத்தாள். அவளுடைய கோபம் அரசன்மேல் பாய்ந்தது. குயவரின் மனைவி கோபத்தை அது எழுந்த இடத்திலேயே, கணவன் முன்னாலேயே சொன்னார். எது வலிமையான எதிர்ப்பு என்பதை நீங்களே வாதிட்டு எழுதுங்கள்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அறுபத்துமூவர் கதையை நம் பிள்ளைகள் கோயிலில் கேட்கிறார்கள், வகுப்பில் படிக்கிறார்கள். கைவெட்டிய கதையைச் சொல்லும்போது மாணவி ஒருத்தி ‘ஏன் சார் அவங்க கையை வெட்டினாங்க?’ என்று கேட்டால், ‘அது பக்தி’ என்று சொல்லி மூடிவிட வேண்டாம். அந்தக் கேள்வியைப் பலகையில் எழுதி, பக்கத்திலேயே ‘எம்மை’ என்ற சொல்லையும் எழுதுங்கள். இரண்டும் ஒரே நூலில் எப்படி இருக்க முடிகிறது என்று வகுப்பையே பேசவிடுங்கள்.